கச்சேரியில் சாம்பிள் போட என்ன வாங்கலாம்?

முந்தாநாள் ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார். ஹவுஸ் சர்ஜன். “சார், எங்க காலேஜ் பேண்டுல ஆறு பேரு. பாட்டுக்கு நடுவுல வர்ற கோரஸ், நாதஸ்வரம், ரயில் சத்தம் இதெல்லாம் சாம்பிளா போடணும். பேட் வாங்கலாமா, இருக்கிற லேப்டாப்பே போதுமா?”

ரெண்டு வரியில பதில் போடத்தான் ஆரம்பிச்சேன். முடியல. அதனால இந்த நீள த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

பகலில் நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். சனி, ஞாயிறு ராத்திரி ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. இருபது வருஷத்துக்கு மேல இந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தொந்தரவு இல்லாம ஓடிச்சு. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் ரெண்டும் என் ஓபியிலேயே வந்து முட்டிக்கிச்சு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல தம்பி கேட்டது.

சாம்பிள்னு ஒரே வார்த்தையில சொல்றோம். மேடையில அது மூணு வேற வேற வேலை. ஒண்ணு, அடிச்சா ஒரு தடவை ஒலிக்கிற சத்தம்: வேட்டு, விசில், “ஹேய்” கோரஸ், கோவில் மணி. ரெண்டாவது லூப், அதாவது திரும்பத் திரும்பச் சுத்துற ரிதம் துண்டு. மூணாவது, முழுப் பாட்டுக்கும் பின்னணியா ஓடுற ட்ராக். வயலின் கூட்டம், பேஸ், எக்ஸ்ட்ரா ரிதம் எல்லாம் அதிலேயே இருக்கும். நம்ம ஆளுங்க அதுக்கு மேல வாசிக்கணும்.

முதலாவது வேலையில சாம்பிள் நமக்கு அடங்கி இருக்கும். மூணாவது வேலையில நாம சாம்பிளுக்கு அடங்கணும். எதை வாங்குறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இதை முடிவு பண்ணுங்க. நாங்க தலைகீழா பண்ணினோம். பொருளை வாங்கிட்டு அதுக்கேத்த மாதிரி குழுவை மாத்தினோம்.

1992-ல் ரோஜா வந்த பிறகு எங்க மாதிரிக் குழுக்களுக்கு ஒரு சங்கடம் ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி பெரும்பாலான பாட்டுல கேக்கிற வாத்தியத்தை ஒரு ஆள் வாசிச்சிருப்பார். நம்ம குழுவிலயும் ஒரு ஆள் வாசிச்சா முடிஞ்சது. அதுக்கு அப்புறம் ஸ்டுடியோவில் அடுக்கடுக்கா செஞ்ச சத்தங்கள். ஜனங்க அந்தச் சத்தத்தையே மேடையிலயும் எதிர்பார்த்தாங்க. பாடகர் எவ்வளவு நல்லாப் பாடினாலும் அந்த முதல் சத்தம் வரலன்னா விசில் வராது.

ரோலண்ட் கம்பெனி ஆக்டோபேடை முதன்முதல் விட்டது 1985-ல். குச்சியால அடிக்கிற எட்டு ரப்பர் கட்டங்கள். நம்ம ஊர்ல இதுக்குப் பேரே பேட்தான். வாசிக்கிறவர் பேட்காரர். இங்கே ஒரு குழப்பம் இருக்கு, நிறைய பேர் இதுல பணத்தை விட்டிருக்காங்க. எஸ்பிடி-20, எஸ்பிடி-30 ரெண்டும் ஆக்டோபேட். உள்ளே கம்பெனி வச்சிருக்கிற சத்தங்களைத்தான் வாசிக்கும். நீங்க வெட்டி வச்ச கோரஸை அதுல ஏத்த முடியாது. அதுக்கு எஸ்பிடி-எஸ்எக்ஸ் மாதிரி சாம்பிளிங் பேட் வேணும். ஒன்பது கட்டம், ஒவ்வொண்ணுலயும் உங்க வேவ் ஃபைல். செகண்ட் ஹேண்டுல வாங்கப் போனா “பேட் இருக்கு சார்”னு மட்டும்தான் சொல்வாங்க. மாடல் பேரைப் படிச்சுப் பாருங்க. ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவா ஒரு தடவை, பலமா ஒரு தடவை அடிச்சுப் பாருங்க. ஒரு அடிக்கு ரெண்டு சத்தம் வந்தா அந்தக் கட்டத்துல பிரச்சினை இருக்கான்னு நல்லா விசாரிங்க.

நாங்க ஆரம்பிச்சது பேடில் இல்ல, போனில். ஆமா, சாதாரண செல்போன். ஒரே ஃபைலில் இடது பக்கம் க்ளிக், வலது பக்கம் ட்ராக். போனிலிருந்து வர்ற ஒயரை ரெண்டாப் பிரிச்சு, இடதை ரிதம் வாசிக்கிறவர் காதுக்கும் வலதை மிக்சருக்கும் கொடுத்துட்டா ஆச்சு. உலகத்திலேயே மலிவான செட்டப். இப்பவும் சின்ன நிகழ்ச்சிக்கு இது போதும், நான் கேலி பண்ணல. ஏரோபிளேன் மோடில் மட்டும் போடுங்க. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத் திருவிழாவில் அம்மன் பாட்டுக்கு நடுவுல என் போனுக்கு வார்டிலிருந்து அழைப்பு வந்தது. ரிங்டோன் நாலு குழாய் ஸ்பீக்கரிலும் ஊர் முழுக்க. கூட்டத்துல ஒருத்தர், “டாக்டரு, எடுத்துப் பேசுங்க, நாங்க இருக்கோம்”னார்.

இன்னொரு கல்யாண மண்டபத்துல நடந்தது புதிர் மாதிரி. போனை நேரா மிக்சரில் குத்தினோம். கோரஸ் போட்டா கோரஸ் இல்ல. அந்தக் குரலோட எதிரொலி மட்டும் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி வருது. ஒயர் மாத்தினோம், போன் மாத்தினோம், மிக்சர் தம்பியைத் திட்டினோம். காரணம் பின்னாடிதான் புரிஞ்சது. ஹெட்போன் பின் ஸ்டீரியோ. மிக்சரோட இன்புட் பேலன்ஸ்டு. அந்த மாதிரி இன்புட் வர்ற ரெண்டு கம்பியில ஒண்ணை இன்னொண்ணுலேருந்து கழிச்சுப் பார்க்கும். இரைச்சலை ஒழிக்க அப்படிச் செஞ்சிருக்காங்க. இடதும் வலதும் சமமா இருக்கிற குரலைக் கழிச்சா பூஜ்யம். ரெண்டு பக்கமும் வேற வேறயா இருக்கிற எதிரொலி மட்டும் மிச்சம். இடது வலதைத் தனித்தனியாப் பிரிக்கிற ஒயர் ஒண்ணு, நூத்துக்கணக்கு ரூபாய் சமாச்சாரம். மறக்காம வாங்குங்க.

அடுத்தது லேப்டாப். ஏபிள்டன் லைவ், வெளியே ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ். இதோட பெரிய லாபம் வேற எதிலும் கிடைக்காது. பாடகி வந்து, “அண்ணே, தொண்டை கட்டியிருக்கு, இன்னிக்கு அரைக்கட்டை இறக்கிடுங்க”ன்னா, தாளம் மாறாம சுருதியை மட்டும் அங்கேயே இறக்கலாம். தொண்டை டாக்டரா எனக்கு இது முக்கியம். கட்டின தொண்டையோட பழைய சுருதியில கத்த வைக்கிறது பாவம். இப்ப பேடுக்கு மாறின பிறகு இதுக்கு நாங்க பண்றது, ஒவ்வொரு சுருதி சாம்பிளையும் வீட்டிலேயே மூணு பதிப்பா வெட்டி வைக்கிறது: அசல், அரைக்கட்டை கீழே, ஒரு கட்டை கீழே. அலுப்பான வேலைதான்.

லேப்டாப்பில் அடிச்சதுக்கும் சத்தத்துக்கும் நடுவுல ஒரு தாமதம் இருக்கும். எல்லாரும் இதைப் பத்தியே பயமுறுத்துவாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. பஃபர் 256, ரேட் 44,100-ன்னா தாமதம் 6 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் கம்மி. போக வர இன்னும் கொஞ்சம் சேரும். காத்துல சத்தம் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி செகண்ட். அதாவது ரெண்டு மூணு மீட்டர் தள்ளி ஸ்பீக்கர் இருந்தாலே இதே தாமதம் உங்களுக்கு வந்துடும், அதை யாரும் பொருட்படுத்துறதில்ல. ஆனா ப்ளூடூத் இயர்போன் வேற விஷயம். அதுல தாமதம் பல சமயம் நூறு மில்லி செகண்டைத் தாண்டும். அதை மாட்டிட்டு ரிதம் வாசிச்சா பாட்டு வேற ஊர்ல, நீங்க வேற ஊர்ல. மேடையில ஒயர்தான்.

எம்பி3 வேண்டாம். மாத்தும்போது ஃபைலோட தொடக்கத்தில் ஒரு துளி மௌனம் சேர்ந்துக்கும். பாட்டு கேக்க அது தெரியாது, அடிச்ச உடனே வரவேண்டிய சத்தத்துல தெரியும். வேவ் ஃபைல், முன்னாடி ஒட்ட வெட்டினது.

இப்ப ஒரு நிமிஷம் டாக்டராப் பேசுறேன். லேப்டாப்பை சார்ஜரில் போட்டு மிக்சரோட சேர்த்தா பல மேடைகளில் “ம்ம்ம்”னு ஒரு இரைச்சல் வரும். உடனே யாராவது ஒரு அனுபவசாலி வந்து ப்ளக்கில் இருக்கிற பெரிய மூணாவது பின்னை உடைச்சு விடுவார். இரைச்சல் போயிடும். கூடவே எர்த்தும் போயிடும். ஜெனரேட்டரில் ஓடுற, மழை பெய்ஞ்சு நனைஞ்ச மேடை; கையில கிடார் கம்பி; உதட்டுல மைக். ஏதோ ஒரு பெட்டியில மின்கசிவு இருந்தா அது போறதுக்கு இருக்கிற ஒரே வழி அந்தப் பாடகரோட உடம்புதான். உதட்டுல சுருக்குனு அடிச்சதுன்னு எத்தனை பாடகர்கள் சிரிச்சுக்கிட்டே சொல்லியிருக்காங்க தெரியுமா? எனக்குச் சிரிப்பு வரல. அந்தப் பின்னைத் தொடாதீங்க. நடுவுல டிஐ பாக்ஸ் போடுங்க, அதுல கிரவுண்ட் லிஃப்ட்னு ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஆடியோ ஒயரோட கிரவுண்டைத்தான் பிரிக்கும், கரண்டோட எர்த்தைத் தொடாது. இல்லாட்டி லேப்டாப்பைப் பேட்டரியில ஓட்டுங்க. சாம்பிள் பட்ஜெட்ல டிஐ பாக்ஸை முதல் வரியா எழுதுங்க.

லேப்டாப் வந்ததும் நாங்க முழு ட்ராக்குக்குப் போயிட்டோம். நான்தான் கொண்டுவந்தேன், நான்தான் செலவழிச்சேன், நான்தான் எல்லாரையும் சம்மதிக்க வச்சேன். ஒரு வயலின்காரரும் ஒரு புல்லாங்குழல்காரரும் மெதுவா வர்றது குறைஞ்சுபோனாங்க. ட்ராக்கில் அவங்க வாசிக்க வேண்டியது ஏற்கெனவே இருந்ததே. அப்ப அதை நான் யோசிக்கல. சத்தம் சினிமா மாதிரி இருந்தது. கமிட்டிக்காரங்க கை குலுக்கினாங்க.

ட்ராக்கோட ஓட க்ளிக் வேணும். க்ளிக்னா மெட்ரோனோம். அது தப்பில்ல. சிபிஆர் பழகும்போது நிமிஷத்துக்கு 100-லேருந்து 120 அழுத்தம்னு கை பழக நாங்களும் மெட்ரோனோம் வைப்போம். ஆனா கச்சேரி மேடை பொம்மை மேல பழகுற வகுப்பு இல்ல. பாடகர் சரணத்தை மறந்து பல்லவிக்குத் தாவுவார். எம்எல்ஏ வந்துட்டார், பாட்டை நிறுத்துங்கன்னு கமிட்டித் தலைவர் கை காட்டுவார். ட்ராக் நிக்காது. எல்லாரும் அதைத் துரத்திப் பிடிக்கணும். இந்தத் துரத்தலோட பாரம் மொத்தமும் ஒருத்தர் தலையில விழுந்தது. க்ளிக் கேக்கிற ஒரே ஆள், எங்க ரிதம் அண்ணன்.

அவர் தபேலாவில் ஆரம்பிச்சவர். டோலக், அப்புறம் எஸ்பிடி-20. என்னை மருத்துவம் படிக்கிற காலத்திலேருந்து தெரியும். இன்னும் “டாக்டர் தம்பி”னுதான் கூப்பிடுவார். எனக்கு கச்சேரி பொழுதுபோக்கு. அவர் வீட்டுல அரிசி அதுலதான் வருது. சீசனில் வாரத்துக்கு நாலு மேடை, எங்க குழு மட்டுமில்ல, கூப்பிடுற எல்லாக் குழுவும்.

க்ளிக்குக்கு நாங்க அவருக்குக் கொடுத்தது ஒரு சாதாரண இயர்போன். இடது காதில் மட்டும். வலது காது மேடையைக் கேக்கத் திறந்திருக்கணும்னு நான்தான் சொன்னேன். பின்னாடி மானிட்டர் ஸ்பீக்கர், பக்கத்துல ட்ரம்ஸ், ரெண்டும் க்ளிக்கை அமுக்கும். அவர் வால்யூமைக் கூட்டுவார். ஒவ்வொரு கச்சேரியிலயும் “இன்னும் கொஞ்சம் கொடுங்க தம்பி”ம்பார். நானே கூட்டிக் கொடுத்திருக்கேன். ஆறு வருஷம்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஓபி. டோக்கன் எண் நாற்பதுக்கு மேல. கதவைத் திறந்து உள்ளே வந்தது அவர். நண்பரா வரல, சீட்டு வாங்கி வரிசையில நின்னு வந்திருக்கார். “ராத்திரி படுத்தா இடது காதுல சில்வண்டு கத்துது தம்பி. பேரப்புள்ள பேசுறது வேற சரியாப் புரிய மாட்டேங்குது.”

ஆடியோகிராம் எடுத்தோம். படிக்காதவங்களுக்கும் புரியும் அந்தப் படம். கோடு நேரா வந்து 4,000 ஹெர்ட்ஸ் கிட்ட பள்ளத்துல விழுந்து, 8,000-ல் கொஞ்சம் ஏறும். இரைச்சலால் கெட்ட காதோட கையெழுத்து அது. பட்டறைத் தொழிலாளிகள் கிட்ட நூறு தடவை பார்த்திருக்கேன். வலது காதில் சின்னப் பள்ளம். இடதுல பெருசு. நான் இயர்போன் மாட்டச் சொன்ன காது.

உள்காதில் சத்தத்தை வாங்குற மயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. போனா மனுஷனுக்கு மறுபடி முளைக்காது. இதை அவருக்குச் சொல்ல எனக்கு நாக்கு வரல. தினமும் யார் யாருக்கோ சொல்ற வாக்கியம்தான். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு. “வாசிக்கலாமா, கூடாதா?”

அந்த மேடையில அவர்கிட்டேருந்து மூணு மீட்டர் தள்ளி வாரா வாரம் உட்கார்ந்திருந்த காது டாக்டர் நான். பஃபர் 256-ஆ 128-ஆன்னு விடிய விடிய மண்டையை உடைச்சிருக்கேன். அவர் காதுக்குள்ள என்ன போகுதுன்னு ஒரு நாள் கேட்டுப் பார்த்ததில்ல. ஓபி முடிஞ்சு வீட்டுக்குப் போய் அந்த இயர்போனை அதே வால்யூமில் என் காதுல வச்சேன். ரெண்டு செகண்டு. பிடுங்கிட்டேன்.

கணக்கு இதுதான். அமெரிக்காவின் நயாஷ் நிறுவனம் சொல்ற வரம்பு: 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதி. 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 100-க்கு வெறும் 15 நிமிஷம். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் இசை நிகழ்ச்சி நடக்கிற இடங்களுக்கு ஒரு தரம் வெளியிட்டது. அதுல உச்ச வரம்பே 15 நிமிஷ சராசரி 100 டெசிபல். அது கேக்க வர்றவங்களுக்கு. வாசிக்கிறவர் மூணு மணி நேரம், வாரத்துல நாலு நாள் அங்கேயே இருக்கார்.

அவரை நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரல. நிறுத்தினா என்ன சாப்பிடுவார்? அதனால பொருளை மாத்தினோம். அன்னிக்கு நான் வரைஞ்ச திட்டத்தைப் பார்த்துட்டு அவர் சொன்னார்: “க்ளிக்கு இல்லாமத்தானே தம்பி அத்தனை வருஷம் வாசிச்சேன்? நீங்கதானே கொண்டாந்தீங்க?” கோவமா சொல்லல. அதான் சங்கடம்.

முழு ட்ராக்குகளைத் தூக்கிட்டோம். லேப்டாப் வீட்டுக்குப் போச்சு, சாம்பிள் வெட்ட மட்டும். எஸ்பிடி-எஸ்எக்ஸ் வாங்கி அவர் கையில கொடுத்தோம். இப்ப சாம்பிள் ஓடுறதில்ல, அவர் அடிக்கிறார். லூப் வேணும்கிற பாட்டுல ரெண்டு ஆவர்த்தனத் துண்டா வெட்டி, ஒவ்வொரு தடவையும் முதல் அடியில அவரே திரும்ப அடிச்சு எழுப்புறார். தாளம் லேசா நகர்ந்தாலும் அடுத்த அடியில சரியாயிடும். க்ளிக் தேவையில்ல. பாடகர் தாவினா அவரும் தாவுவார். எம்எல்ஏ வந்தா ஆல் சவுண்ட் ஆஃப்னு ஒரு பட்டன் இருக்கு, ஒரு அழுத்து, எல்லாம் கப்சிப். என்னைக் கேட்டா அந்தப் பெட்டியிலேயே விலைமதிப்பான பட்டன் அதுதான்.

குறை இருக்கு. கரண்ட் போனா பேட் செத்துடும், லேப்டாப் மாதிரி பேட்டரி இல்ல. ஜெனரேட்டர் மாறுற இடைவெளியைத் தாண்ட சின்ன யுபிஎஸ் ஒண்ணு அது கூடவே வருது. எல்லா சாம்பிளும் ஒரு பென் டிரைவில் நகல், அவர் பையில ஒண்ணு, என் பையில ஒண்ணு. முழு வயலின் கூட்டம் வேணும்கிற சில பாட்டுகளை இப்ப நாங்க வாசிக்கிறதே இல்ல. புல்லாங்குழல்காரரைத் தேடிப் போய்க் கேட்டேன். வந்தார். வயலின்காரர் வரல. வேற வேலைக்குப் போயிட்டார், வாத்தியத்தை வித்துட்டதா சொன்னார்.

ரெண்டே பாட்டுக்கு மட்டும் இன்னும் க்ளிக் உண்டு. அதுக்கு ரெண்டு காதையும் நல்லா அடைக்கிற இன்-இயர், ஒயர் போட்டது. வெளிச் சத்தம் உள்ளே வராததால க்ளிக் மெல்லிசா இருந்தாலே போதும். ஒரு காதை மட்டும் அடைச்சா மூளை இன்னும் கொடு கொடுன்னு கேக்கும், அதுதான் எங்களைக் கெடுத்தது. அவரோட ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் குமிழில் ஒரு அளவுக்கு மேல திரும்பாத மாதிரி டேப் ஒட்டியிருக்கு. ஒட்டினது நான். மானிட்டர் ஸ்பீக்கரை அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து தூரமா நகர்த்தியாச்சு. நீங்க ரிகர்சலில் பார்க்க ஒரு எளிய வழி: ஒரு கை தூரத்துல நிக்கிறவர்கிட்ட பேச நீங்க கத்த வேண்டியிருந்தா அந்த இடம் காதுக்கு ஆகாத இடம். கச்சேரி முடிஞ்சு காது அடைச்ச மாதிரி இருந்து மறுநாள் சரியாயிட்டா, ஒண்ணுமில்லைனு விடாதீங்க. அது முதல் எச்சரிக்கை. திடீர்னு ஒரு காது கேக்காமப் போனா அது அவசர சிகிச்சை, அன்னிக்கே வாங்க.

அவரோட சில்வண்டு போகல. போகாதுன்னு இப்ப அவருக்கும் தெரியும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஆடியோகிராம் எடுக்கிறோம். கடைசி மூணு படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பார்த்தா கோடு அதே இடத்துல நிக்குது. போன மாசக் கச்சேரியில பழைய பாட்டு ஒண்ணுக்குப் பேடைத் தள்ளி வச்சுட்டு தபேலா எடுத்தார். சுருதி சேர்க்கும்போது என்னைக் கூப்பிட்டு, “சேர்ந்துச்சா பாருங்க தம்பி, இடது பக்கம் எனக்குத் தெரியல”ன்னார். கால் கட்டை குறைஞ்சிருந்தது. சொன்னேன். சுத்தியலால ஒரு தட்டு தட்டிச் சேர்த்துக்கிட்டார்.

தம்பி, உங்க கேள்விக்கு: பேட் வாங்குங்க, சாம்பிளிங் பேட். டிஐ பாக்ஸ் ஒண்ணு, ஒயர் நல்லது. லேப்டாப் ஹாஸ்டலில் இருக்கட்டும். வியாழக்கிழமை மதியம் எனக்குக் கூட்டம் இருக்காது. உங்க ட்ரம்ஸ் வாசிக்கிற பையனை ஓபிக்கு அனுப்புங்க. இப்பவே ஒரு ஆடியோகிராம் எடுத்து வச்சிடலாம்.